கும்பா பேசிய பதினொரு நிமிடம்

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் வீடியோக் கமரா தூக்கித் திரிகிறவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். ஆனால் பெண்பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீடு என்றால் சனம் குகதாசனைத்தான் பிடிக்கும். கமரா நல்லதென்று அல்ல. அதைவிட நல்ல கமரா பக்கத்துக் கடையிலேயே இருந்தது. குகதாசன் பெயர் எடுத்தது வெட்கத்தில். பாரிசில் பிறந்து, தாயோடு பிரெஞ்சில் சண்டை பிடித்து, மெட்ரோவில் தனியாகப் பள்ளிக்கூடம் போய்வருகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகத்தில் வெட்கத்தை வரவழைப்பதென்றால் லேசுப்பட்ட வேலையா?

"தலையைக் கொஞ்சம் பதியுங்கோ, பிள்ளை. கண்ணை மட்டும் மெல்லத் தூக்குங்கோ. ஆ, வெக்கப்படுங்கோ. இன்னும் கொஞ்சம். அப்பிடியே, அப்பிடியே!" என்பார். பிள்ளை முதலில் முழிக்கும். பிறகு சிரிக்கும். சுற்றி நிற்கிற மாமிமாரும் சித்திமாரும் சேர்ந்து "வெக்கப்படு, வெக்கப்படு" என்று கத்த, கடைசியில் உண்மையாகவே கூனிக் குறுகிப்போகும். அந்தக் கணத்தைக் குகதாசன் பிடித்துவிடுவார். தகப்பன்மார் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டுவார்கள்.

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு வந்து இறங்கியவர். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு எதிரேயிருந்த ஒரு உணவகத்தில் பதினெட்டு வருடம் கோப்பை கழுவினார். இரண்டாயிரத்து ஒன்பது ஐப்பசியில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் 'அபிநயா வீடியோ' என்று ஒரு ஒடுங்கிய கடையைத் திறந்தார். "சண்டை முடிஞ்ச அந்த மே மாதத்துக்குப் பிறகு ஆரடா விழா எடுக்கப் போகினம், பேயா?" என்று சிநேகிதர்கள் ஏசினார்கள். பிள்ளைகள் வளருவதை யார் நிறுத்துவது? சனம் அழுத கண்ணோடு மண்டபம் பிடித்தது. குகதாசன் படம் எடுத்தார், அவருடைய மனைவி வசந்தரூபி சேலை உடுத்தி, முகம் எழுதி, மேடை சோடித்துக் கொடுத்தார். எவரோடும் முரண்டு பிடிக்காத மனிதர் குகதாசன். மண்டபக்காரன் சொன்னாலும் ஓம், ஐயர் சொன்னாலும் ஓம், வாடகைக்காரன் சொன்னாலும் ஓம்.

இரண்டாயிரத்துப் பதினாறு ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை, உயரமான ஒரு ஆபிரிக்கப் பெண் கடைக்குள் வந்தார். கையில் பத்து வயதுப் பெண்பிள்ளை. பெயர் கும்பா, பிள்ளை நியூமா. மாலி நாட்டுக்காரி, சோனின்கே இனம். அடுத்த தெருவில் குடியிருப்பு. விடியற்புறம் அலுவலகங்கள் கூட்டித் துடைக்கிற வேலை. கண்ணாடியில் தொங்கிய சாமத்தியப் படத்தைக் காட்டி, இது போல ஒரு படம் வேண்டும் என்றார்.

அவர் பேசியது பிரெஞ்சு. குகதாசன் பிறகு வசந்தரூபிக்குத் திருப்பிச் சொன்ன தமிழில்தான் இங்கே அது வருகிறது.

"இதைப்போல வெளிச்சமா, வடிவா வேணும். ரெலிபோனிலை எடுத்த மாதிரி இருக்கக் கூடாது. ஊருக்கு அனுப்ப. மகள் லீவுக்குப் போறதுக்கு முந்தி வேணும். ஆடி ஒன்பதாம் திகதி டிக்கெட். பொம்பிளைப் பிள்ளையளுக்குச் செய்யிற சடங்கு, அந்த விசயமா."

குகதாசனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அட, ஆபிரிக்கச் சனமும் எங்களைப்போலத்தான்! வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். அன்றைக்கே வசந்தரூபியிடம் சொல்லி மயில் சிம்மாசனத்தைத் தூசி தட்ட வைத்தார். குத்துவிளக்கு, பிளாஸ்ரிக் வாழைக்குலை, தாமரைப்பூ, எல்லாம் நிலவறையிலிருந்து மேலே ஏறின.

வியாழக்கிழமை கும்பா தனியாக வந்தார். கஞ்சி போட்ட நீல அங்கி, தலையில் அதே நிறத்தில் துணிக்கட்டு. மயிலைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"பிள்ளை எங்கை, மடாம்?" என்றார் குகதாசன்.

"பிள்ளை ஏன்? இது ஆருக்கு?"

குகதாசன் பெருமையோடு விளக்கினார். பிள்ளை பெரியபிள்ளை ஆனால் நாங்கள் இப்படித்தான் செய்வோம், நானூறு பேரைக் கூப்பிடுவோம், மேளம் வரும், மண்டபம் நிறையும்.

கும்பாவின் முகம் கறுத்தது. "பிள்ளைக்கு என்ன செய்வியள்?"

"பால் அறுகு வைச்சுத் தண்ணி வார்ப்பம். சீலை உடுத்துவம். ஆரத்தி எடுப்பம். படம் எடுப்பம்."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை, மடாம்."

"கத்தி?"

"கேக்குக்கு மட்டும்."

கும்பா குகதாசனை ஒருமுறை, வசந்தரூபியை ஒருமுறை பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது, அது நிற்கவில்லை. வசந்தரூபிக்குத்தான் முதலில் விளங்கியது. மனைவி அவர் கையைப் பிடித்துக் கிள்ளிய கிள்ளில் குகதாசனுக்கும் மெல்ல மெல்ல விளங்கியது. பெண்பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் வெட்டுகிற வழக்கம் சில நாடுகளில் உண்டென்று பள்ளிக்கூட வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, நமக்கென்ன என்று நடந்திருக்கிறார்.

"மயிலைத் தூக்குங்கோ. வெள்ளைச் சுவரும் ஒரு கதிரையும் போதும். நான்தான் கதைக்கப் போறன்," என்றார் கும்பா.

வசந்தரூபி கடைக் கதவை உட்புறம் பூட்டினார். குகதாசன் விளக்குகளைச் சரிசெய்து, கமராவுக்குப் பின்னால் குனிந்தார். பழக்கதோஷம் யாரை விட்டது? வாய் தன்பாட்டில் திறந்தது. "மடாம், தலையைக் கொஞ்சம் பதிச்சு, கொஞ்சம் வெக்கப்பட்ட மாதிரி..."

கும்பாவுக்குக் கோபம் வரவில்லை. "முசியூ, நாற்பது வயசு எனக்கு. முப்பத்திநாலு வருசமா அதைத்தான் செய்யிறன். இண்டைக்கு விடுங்கோ," என்றார்.

அதற்குப் பிறகு நேரே கமராவுக்குள் பார்த்தார். கண் இமைத்ததாகவே குகதாசனுக்கு ஞாபகம் இல்லை. ஐந்து நிமிடம் தன் மொழியில், ஆறு நிமிடம் பிரெஞ்சில். "இதை வைச்சிருக்கப் போறது நீங்கள். என்ன வைச்சிருக்கிறியள் எண்டு உங்களுக்குத் தெரிய வேணும்," என்று பிரெஞ்சைத் தொடங்கினார்.

ஆறு வயதில், ஒரு காலை, பெரியம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போனதைச் சொன்னார். இனிப்புத் தருவதாகச் சொல்லித்தான் கூட்டிப்போனார்களாம். அக்காவும் கூடப் போனாள். அக்கா திரும்பி வரவில்லை. காய்ச்சல் என்றார்கள், அதற்குமேல் யாரும் அவள் பெயரை எடுக்கவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இரவைக் கண்டால் பயம் என்றார். மூன்று பிள்ளைப்பேற்றிலும் சாவின் வாசலுக்குப் போய் வந்ததைச் சொன்னார். எல்லாவற்றையும் சந்தைக்குப் போய் வந்த கதை சொல்கிற குரலில் சொன்னார். வசந்தரூபி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவரோடு நின்றார்.

"ஆம்பிளைப் பிள்ளையளுக்குச் செய்யேக்கை மேளம் அடிப்பினம். எங்களுக்குச் செய்யேக்கை வாயைப் பொத்துவினம். பிறகு சாகுமட்டும் நாங்களே பொத்திக்கொண்டு இருப்பம். எங்களை வெட்டினது ஆம்பிளையள் இல்லை, எங்கட தாய்மார். ஏன் எண்டு கேட்டா, வெட்டாட்டி ஆம்பிளை கட்டமாட்டான் எண்டுவினம். ஆம்பிளையைக் கேட்டா, அது பொம்பிளையளின்ர விசயம் எண்டுவான். அப்ப ஆர்தான் இதைச் செய்யினம்?"

கடைசியாக மாமியாரை விளித்தார். "மாமி, நியூமாவைக் கூப்பிட்டிருக்கிறியள். ஏன் கூப்பிட்டிருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். என்ர பிள்ளையிலை ஆராவது கை வைச்சா, இந்தப் படம் பாரிசிலை இருக்கிற எங்கட ஊர்ச் சனம் எல்லாரின்ர ரெலிபோனுக்கும் போகும். மானம் போகும் எண்டு சொல்லித்தானே என்ர வாயைக் கட்டினியள்? போகட்டும். எல்லாரின்ர மானமும் சேர்ந்து போகட்டும்."

கமரா நின்ற பிறகும் குகதாசன் நிமிரவில்லை. எத்தனை பேரை எடுத்திருக்கிறார்! மந்திரிமார், மேடைப் பேச்சாளர்கள், கோயில் தர்மகர்த்தாக்கள். இப்படி ஒரு ஆளைத் தன் கமரா கண்டதில்லை என்று அவருக்குத் தோன்றியது. கை கூப்பிவிடுவோமோ என்று தன்னைப் பற்றியே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"பொலிசுக்குப் போகேலாதோ, மடாம்?" என்று கேட்டார். பிரான்சில் இதற்குச் சிறை உண்டு, பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்தாலும் சிறைதான்.

"போகலாம். போனா சம்பா, என்ர மனுசன், மறியலுக்குப் போவார். நல்ல மனுசன், முசியூ. தாய் சொல்லைத் தட்டத் தெரியாத நல்ல மனுசன். பிள்ளையளுக்கு அப்பா வேணும். இது சரிவராட்டி எட்டாம் திகதி நானே பொலிசுக்குப் போவன்." ஒரு பிரதி தனக்கு, ஒரு பிரதி கடையில் இருக்கட்டும் என்றார். "எங்கட சனம் ஒருத்தரும் தமிழ்க் கடைக்குள்ளை வந்து தேடாயினம்."

அன்று பின்னேரம் கடை பூட்டும்போது வசந்தரூபி சொன்னார்: "என்ர சாமத்திய வீட்டிலை, ஊர்ப் பெடியள் எல்லாம் வேலியாலை எட்டிப் பாத்தவங்கள். இனி இவளுக்கு என்ன நடந்தது எண்டு ஊருக்கே தெரியும் எண்டு நான் ரெண்டு மாசம் பள்ளிக்கூடம் போகேல்லை. பரீட்சையும் எழுதேல்லை."

குகதாசன் திகைத்தார். "நீர் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே!"

"நீங்கள் கேட்டனியளோ?"

இரண்டும் ஒன்றல்ல. ஒன்றில் இரத்தம், மற்றதில் பன்னீர்; ஒன்றாக்கிப் பேசுவது கும்பாவுக்குச் செய்கிற துரோகம். அது குகதாசனுக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை லா கூர்நெவ் மண்டபத்தில், சோடித்த மேடையில், அவருக்கு வழக்கமான வார்த்தை வாயில் வரவில்லை. "சும்மா நில்லுங்கோ, பிள்ளை," என்று எடுத்துவிட்டு வந்தார். "என்னண்ணை, பிள்ளை எல்லாப் படத்திலையும் முறைச்சுப் பாக்கிறாள்!" என்று தாய்க்காரி செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்து பொரிந்து தள்ளினார். குகதாசன் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டார்.

அந்தப் பெண் போய்ப் பத்து நிமிடம் ஆகவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஆறடி உயரத்தில் ஒரு ஆபிரிக்கர் உள்ளே வந்தார். குகதாசனின் முகத்துக்கு நேரே தொலைபேசியை நீட்டினார். திரையில் கும்பா.

"மனுசியின்ர ரெலிபோனிலை கண்டு இதை எனக்கு அனுப்பினனான். இது நீங்கள் எடுத்ததோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்த குகதாசன் திரையைப் பார்த்தார். வலப்பக்க மூலையில், இரண்டு ரோசாப்பூவுக்கு நடுவே, பொன்னெழுத்தில் சுழன்று சுழன்று வந்தது: அபிநயா வீடியோ. கீழே கடை முகவரி. அதற்குக் கீழே தொலைபேசி இலக்கம். சிறப்பான சேவைக்கு நாடுங்கள்.

எந்தப் படத்தை எடுத்தாலும் கை தானாகப் போடுகிற முத்திரை அது. ஒரு தமிழ் வீடியோக்காரன் பெயர் போடாமல் படம் கொடுத்ததாகச் சரித்திரம் உண்டா? இரகசியமாக வைத்திருக்கச் சொன்ன பெண்ணுக்கு, ஒளித்து வைத்த இடத்தின் விலாசத்தையே பூப்போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார் மனிதர். கும்பாவும் அதைக் கவனிக்கவில்லை. ஒருமுறை சொன்னது போதும், தான் இதைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லித்தான் வாங்கிப்போனவர். "ஏழு வருசமாக் கமரா பிடிச்சு என்னத்தைக் கிழிச்சனான்," என்று குகதாசன் தன்னைத்தானே மனதுக்குள் திட்டினார்.

"அழியுங்கோ," என்றார் சம்பா. "உங்களிட்டை இருக்கிறதை. இப்ப. என்ர கண்ணுக்கு முன்னாலை."

ஓம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வாழ்நாள் முழுக்கச் சொன்ன ஓம்தானே, இன்னொன்றில் என்ன? அப்போதுதான் தொலைபேசியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். விரல்நுனியெல்லாம் வெளுத்து ஊறி, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. கோப்பை கழுவுகிற கை. பதினெட்டு வருடம் அவருக்கும் அந்தக் கைதான் இருந்தது.

"எந்த உணவகம்?" என்று கேட்டார்.

சம்பா தடுமாறினார். "என்ன?"

"நானும் கழுவினனான். பதினெட்டு வருசம். இருங்கோ. அழிக்கலாம். முதல் சொல்லுங்கோ, முழுசாப் பாத்தனியளோ?"

"ஒரு நிமிசம் பாத்தன். பாக்க ஏலாமல் நிப்பாட்டிப் போட்டன்."

"அப்ப முழுசாப் பாருங்கோ. பாத்திட்டும் அழிக்கச் சொன்னா அழிக்கிறன்." இதைச் சொன்னது தான்தானா என்று குகதாசனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பதினொரு நிமிடம் கும்பாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றதில் கொஞ்சம் தனக்கும் ஒட்டியிருக்க வேண்டும்.

பெரிய திரையில் போட்டார். சம்பா கதிரை நுனியில் உட்கார்ந்து பார்த்தார். அக்காவின் இடம் வந்தபோது தலை குனிந்தது. பிள்ளைப்பேற்றின் இடத்தில் இன்னும் குனிந்தது.

"எனக்குச் சுன்னத்துச் செய்யேக்கை எட்டு வயசு," என்றார் நிலத்தைப் பார்த்தபடி. "ஆடு அடிச்சவை. நான் அழேல்லை எண்டு மாமா சைக்கிள் வாங்கித் தந்தவர். ஊரே என்னைத் தோளிலை தூக்கிக்கொண்டு ஆடினது. பொம்பிளைப் பிள்ளையளுக்கும் அப்பிடித்தான், கொஞ்சம் சத்தமில்லாமல் செய்யினம் எண்டு நினைச்சன்."

"மனுசியைக் கேக்கேல்லையோ?"

"எப்பிடிக் கேக்கிறது? வெக்கம்."

குகதாசன் பக்கத்துக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். "என்ர மனுசிக்கும் ஒரு கதை இருந்தது. நானும் கேக்கேல்லை. போன கிழமைதான் சொன்னவ," என்றார்.

பிறகு சம்பா எழுந்து, வெள்ளைச் சுவருக்கு முன்னால் கிடந்த கதிரையில் போய் உட்கார்ந்தார். "அழிக்க வேண்டாம். என்னையும் எடுங்கோ. அம்மாவுக்கு நான் சொல்ல வேணும்."

எடுத்தார். கேளுங்கள் கூத்தை! முதல் முறை சம்பா தாயின் சுகம் விசாரித்தார், முழங்கால் வலியை விசாரித்தார், நின்றுவிட்டார். இரண்டாம் முறை பாரிசின் மழையைப் பற்றிச் சொன்னார். மூன்றாம் முறை தொடங்கவே இல்லை. நாலாம் முறை வியர்த்து ஊற்றியது, வாய் திறந்து திறந்து மூடியது. வெட்டுவதைக் குறிக்கும் அந்தச் சொல் மட்டும் வரவில்லை. அரிசி மூட்டை இரண்டை ஒரே தோளில் ஏற்றக்கூடிய உடம்பு, ஒரு சொல்லைத் தூக்க முடியாமல் நடுங்கியது. இதே கதிரையில் இருந்துதான் கும்பா ஒரே மூச்சில் சொன்னார் என்று நினைத்தபோது குகதாசனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அவவைக் கூப்பிடுங்கோ," என்றார் குகதாசன்.

கும்பா நியூமாவையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார். கணவனைக் கடைக்குள் கண்டதும் முகம் வெளிறியது, கை பிள்ளையைத் தனக்குப் பின்னால் தள்ளியது. வசந்தரூபி பிள்ளையின் கையைப் பிடித்து, "வா செல்லம், வடை வாங்கித் தாறன்," என்று ரூ காய் தெருப் பக்கம் கூட்டிப்போனார். சம்பா மனைவியிடம் தங்கள் மொழியில் நாலைந்து சொல் சொன்னார். அவ்வளவுதான். கும்பா அவரைக் கூர்ந்து பார்த்துவிட்டு, இன்னொரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

ஐந்தாம் முறை. சம்பா "அம்மா" என்றார். நின்றார். கும்பா அந்தச் சொல்லைச் சொன்னார். நிமிர்ந்து, கமராவைப் பார்த்து, தெளிவாக. சம்பா அதைத் திரும்பச் சொன்னார். பிறகு வந்த வசனத்தில் நியூமாவின் பெயர் இருந்தது, சோனின்கே தெரியாத குகதாசனுக்கும் "இல்லை" என்று அவர் சொல்வது தலையாட்டலில் விளங்கியது. ஒரு நிமிடம்கூட இல்லை.

ரோசாப்பூவையும் முகவரியையும் நீக்கிவிட்டுக் கொடுக்க அரை மணித்தியாலம் பிடித்தது. கும்பாவின் பதினொரு நிமிடத்தையும் தங்கள் ஒரு நிமிடத்தையும் சம்பா அங்கிருந்தே ஊருக்கு அனுப்பினார், தங்கை மகனின் தொலைபேசிக்கு, "அம்மாவுக்குத் தனியாகப் போட்டுக் காட்டு" என்று எழுதி. பிறகு மூன்று பேரும் காத்திருந்தார்கள். குகதாசன் தேத்தண்ணி போட்டார், ஒருவரும் குடிக்கவில்லை. தாய் சபிப்பார் என்று சம்பா சொன்னார். சபித்தால் சபிக்கட்டும் என்றார் கும்பா, ஆனால் விரல்கள் அங்கியின் ஓரத்தைப் பிசைந்துகொண்டே இருந்தன.

தொலைபேசி மணி அடித்தது. சம்பா எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, மேசையில் வைத்தார். முதிய பெண்குரல். மகனைக் கேட்கவில்லை. "கும்பா," என்றது.

கும்பா பதில் சொன்னார். கிழவி ஏதோ கேட்டார். கும்பா ஒரு சொல்லில் பதில் சொன்னார். பிறகு அந்தக் குரல் மட்டும் போனது, நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி, நாலைந்து நிமிடம். குகதாசனுக்கு ஒரு சொல் விளங்கவில்லை. கும்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினொரு நிமிடம் கமராவுக்கு முன்னால் அசையாமல் இருந்த முகம் கோணியது, உடைந்தது, கண்ணீர் தாடையால் வழிந்து அங்கியை நனைத்தது. சம்பா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

தொலைபேசி நின்றது.

"என்ன மடாம், ஏசிப் போட்டாவோ?" என்று கேட்டார் குகதாசன். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"உனக்கு அப்ப எத்தினை வயசு எண்டு கேட்டா. ஆறு எண்டன். தனக்கும் ஆறுதானாம். எழுபது வருசத்திலை ஒருத்தருக்கும் சொன்னதில்லையாம்."

"அப்ப பிள்ளையிலை கை வையாவோ?"

"தான் வைக்கமாட்டாவாம்." கும்பா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஊரிலை இருக்கிற எல்லாரின்ர கையையும் பிடிச்சுக்கொண்டு நிக்கத் தன்னாலை ஏலாதாம். 'நானே கெஞ்சிக் கூப்பிட்டாலும் பிள்ளையை அனுப்பிப் போடாதை' எண்டு சொல்லுறா."